முப்பத்தெட்டுக் கல்யாணங்களின் கேமரா

டேப்பை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார் ரஃபியா. பூசணம் பிடித்திருந்தால் வாசனையே சொல்லிவிடுமாம். நல்ல டேப் என்றால் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கேமராவின் கதவைத் திறப்பார். இல்லையென்றால், "அரிசி டப்பாவுல ரெண்டு நாள் கெடக்கட்டும், பெறகு வா" என்று வந்தவரை அனுப்பிவிடுவார். அந்த அரிசியைப் பிறகு என்ன செய்கிறார் என்று கணவர் இஷாக்கே இதுவரை கேட்டதில்லை.

ஐம்பத்து மூன்று வயது. பேகம்பூரில் கல்யாணம் என்றால் பெண்கள் பக்கத்து வீடியோ ரஃபியாதான். இஷாக் தோளில் பெரிய கேமராவும் பின்னால் இழுபடும் விளக்கு வயருமாக அலைந்த காலத்தில், மண்டபத்தில் பெண்களுக்கென்று கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் அவர் போக வழியில்லை. குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர் விற்ற சின்ன வீடியோ கேமராவை வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தார். "செவப்பு எரிஞ்சா ஓடுது. எரியலேன்னா ஓடல. அம்புட்டுத்தான்." படிப்பு அதோடு முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரஃபியா முதல் நிக்காஹ் எடுத்தார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. திரைக்குள்ளே எடுத்த டேப், வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மிக்ஸிங் கடைக்குப் போகாது. அங்கே உட்கார்ந்திருப்பது ஆண்கள். நகலும் எடுக்கமாட்டார். பந்தி முடிந்ததும் டேப்பை உருவி மணப்பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிடுவார். அவர்களுக்குப் பார்க்க ஆசை வந்தால் ஆள் அனுப்புவார்கள். கேமராவையும் வயரையும் வயர்கூடையில் வைத்துக்கொண்டு போய், டிவியில் மாட்டிக் காட்டி, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்து வருவார். இதனால்தான் எந்த வீட்டிலும் பெண்கள் அவர் கேமராவைக் கண்டு முக்காட்டை இழுத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் வேடசந்தூர் மண்டபத்தில் மேடைப்படி தடுக்கி விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. கேமராவுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. எடுத்தது, எடுத்ததை ஒழுங்காக ஓட்டியும் காட்டியது. ஏழு மாதம் கழித்து ஒரு வீட்டு மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவில் அந்த வீட்டு டேப்பைப் போட்டபோது வெறும் கோடுகள்தான் ஓடின. மதுரையில் மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொன்னார்: டேப்பில் எழுதவும் படிக்கவும் உள்ளே ஒரு ஹெட் இருக்கிறது, அது விழுந்ததில் இம்மியளவு சாய்ந்துவிட்டது, சாய்ந்த ஹெட் எழுதியதை அதே ஹெட்தான் படிக்கும். "நிமித்திரலாம்க்கா. ஆனா விழுந்த பெறகு எடுத்தது ஒண்ணும் அப்புறம் ஓடாது."

ரஃபியா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து விரல் மடக்கினார். முப்பத்தெட்டுக் கல்யாணம்.

"நிமித்த வேணாந்தம்பி. அப்படியே மூடிக் குடுத்துரு."

வேலைக்கு வேறு கேமரா வாங்கினார். பிறகு டேப்பே போய் கார்டு வந்தது. ரஃபியா அதற்காக ஒரு பெருமூச்சும் விடவில்லை. இப்போதைய கேமராவின்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். "எம்புட்டுக் கூட்டமா இருந்தாலும் கண்ணத் தேடிப் புடிச்சிருது, எங்க மாமியா கணக்கா." ஆனால் பழையது பீரோவில், துணிகளுக்கு நடுவே, பிள்ளையின் பழைய பனியனுக்குள் படுத்திருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டிப் பார்ப்பார். "இது இல்லேன்னா நான் அடுப்படிய விட்டு வெளிய வந்திருப்பேனா? ஊரு பூராம் என்னய உள்ள கூப்புட்டு உக்கார வச்சது இதாலதான்" என்பார். கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்.

போன மாதம் ஜுலைகா வந்தாள். இருபது வயது. ஒன்றரை வயதில் தாயை இழந்தவள். தாயின் போட்டோ இரண்டு இருக்கிறது. குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. அத்தா இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த கல்யாண டேப்பை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லிலும் மதுரையிலும் மூன்று கடை ஏறியிருக்கிறாள். செத்துப்போன டேப் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மாதான் ரஃபியா பெயரைச் சொல்லி அனுப்பினாராம். டேப் அந்த முப்பத்தெட்டில் ஒன்று.

ரஃபியா ஒளிக்காமல் சொன்னார். "கேமராவுக்குள்ள ரோலர் தேஞ்சு கெடக்கு. போன தடவயே இழுத்துச்சு. ஒரு தடவ ஓடுனா அல்லா குடுத்தது. கடிச்சிருச்சுன்னா டேப்பும் போயிரும். யோசிச்சுச் சொல்லு."

"ஓட்டுங்க மாமி. பூட்டி வச்சு நான் என்ன செய்ய?"

டிவி வயர் மாட்டும் துளை எப்போதோ கெட்டுவிட்டது. அதனால், நகல் எடுப்பதில்லை என்ற சட்டத்தை இந்த ஒருமுறை தள்ளி வைத்து, பழைய கேமராவின் குட்டித் திரைக்கு எதிரே புதுக் கேமராவை நிறுத்தி, அதில் சிவப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பழையதன் பொத்தானை அழுத்தினார். காதை அதன் மோட்டார் பக்கம் சாய்த்துக்கொண்டார். விரல் நிறுத்தும் பொத்தானிலேயே இருந்தது.

கால் மணி நேரம் மருதாணிக் கைகள், வளையல், சிரிப்பு. எல்லோரும் பேசினார்கள், மணப்பெண்ணைத் தவிர. ஜுலைகா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் முனகத் தொடங்கியது. திரையில் சாப்பாடு வந்தது; ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பெண்கள். மணப்பெண் தலையை நிமிர்த்தி நேரே கேமராவைப் பார்த்தாள்.

"அக்கா, காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. செத்த நேரம் அத அமத்திட்டு, ஒரு வாய் சாப்புடுங்கக்கா."

காட்சி அங்கே அறுந்தது. அடுத்தது காரில் ஏறும் கூட்டத்தின் முதுகுகள். மோட்டார் கிறீச்சிட்டது. ரஃபியா சட்டென்று நிறுத்தி, கதவைத் திறந்து, டேப்பை முழுசாக வெளியே எடுத்துவிட்டார். புதுக் கேமராவில் எல்லாம் பதிந்திருந்தது.

ஜுலைகா கண்ணைத் துடைக்கவில்லை. "அம்மா பேசிக்கிட்டு இருக்கையிலயே அமத்திட்டீங்களா மாமி?"

"அமத்திட்டேன்த்தா. அம்புட்டுக் கல்யாணத்துலயும் என்னயச் சாப்புடச் சொன்னது உங்கம்மா ஒருத்திதான்."

"அப்புறம்?"

"வலது கை கேமராப் பட்டைக்குள்ள மாட்டியிருக்கு, கழட்டிட்டு வாரேன்னேன். அதுக்குள்ள உங்கம்மா..."

ஐந்து விரல்களையும் குவித்து, இல்லாத தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து, ஜுலைகாவின் முகத்தருகே கொண்டுபோனார்.

ஜுலைகா வாயைத் திறந்தாள்.