மைத்துனன் பிடித்த கயிறு

நான் டைரக்டரானது ஒரே ஒரு காட்சியால். அதை எங்கள் ஊர்க் கடலிலிருந்து எடுத்தேன். உள்ளபடி எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கெடுத்து எடுத்தேன்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் தம்பியாக இருப்பான். தன் அக்காள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. யுத்தம் முடிந்த சமயம், சென்னையில் வசனம் எழுதிக்கொண்டிருந்த நான் ஊருக்கு வந்தபோது வேடிக்கை பார்க்க ஒரு சங்குப் படகில் போனேன். கயிறு அசைந்ததும் மைத்துனன் உடனே இழுத்தான். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மூக்கில் ரத்தத்தோடு, உயிரில்லாமல்தான் அவனுடைய அத்தான் மேலே வந்தார்.

அடுத்த படத்தில் சிரிப்பு போதவில்லை என்றார் முதலாளி. நான் அந்த மைத்துனனைத் தூங்கவைத்தேன். கீழே அத்தான் கயிற்றை இழுக்க இழுக்க, மேலே இவன் குறட்டை. அத்தான் பிழைத்துவந்து உதைப்பதாக முடித்ததால் பாவமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நிஜ மைத்துனனுடைய முண்டாசையும் சாய்ந்த நடையையும் நடிகனுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. ஊருக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏலே, அவன்ட்ட கயித்தக் குடுக்காத, தலகாணியும் கேப்பான்" என்று ஒரு படகுக்காரர் சொல்ல, கரையே சிரித்ததாம். அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். அக்காள் தன்னோடு பேச்சை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. படகிலிருந்த மற்றவர்கள் சொந்தக்காரர்கள். அவன் தூங்கியதை மூடி மறைத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

நான் மறுபடி ஊருக்கு வந்திருந்தபோது தேடி வந்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீங்க பக்கத்துலதான இருந்திய அண்ணாச்சி. தூங்குனது சினிமாவுக்கு எழுதுனதுன்னு எங்க அக்காட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னேன்.

இதற்குள் சென்னையிலிருந்து தந்தி வந்தது. புதுப் படத்தை நானே டைரக்ட் செய்யலாம். ஆனால் தூங்குகிற மைத்துனன் மறுபடியும் வரவேண்டும். சனிக்கிழமையே ரயிலுக்குக் கிளம்பினேன். அவன் அக்காள் வீடு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்தான் இருந்தது. குதிரைவண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் காட்சியை எழுதக் கை வராது என்று எனக்குத் தெரியும்.

எழுதினேன். ஜனங்கள் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

நான் ரயிலேறிய மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் கெஞ்சிக் கூத்தாடி அக்காளை வீட்டில் இருக்கவைத்திருந்தானாம். மத்தியானம் வரை இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று பிறகு என் தம்பி சொன்னான். நான் வராததையே, அவன் தூங்கியதற்குச் சாட்சியாக அவள் எடுத்துக்கொண்டாள்.