அடிச்சு விடு

அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. ஊருக்கு அவர் ஷட்டர். பாதியில் சிக்கிக்கொண்ட கடை ஷட்டரை இறக்குவது, இறங்கியது ஏற மறுத்தால் ஏற்றிவிடுவது, செத்துப்போன ஸ்பிரிங்கை மாற்றுவது, இதுதான் தொழில். காலையில் கடைத்தெருவில் எழும் தடதட சத்தத்தை வைத்தே எந்தக் கடைக்காரன் கிரீஸ் போடாமல் ஏமாற்றுகிறான் என்று சொல்லிவிடுவார். பாதி நாள் அது தப்பாக இருக்கும். ஒத்துக்கொண்டதாக வரலாறு கிடையாது.

பட்டப்பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர் கால்பந்து டீம் கோல் வாங்கும்போதெல்லாம், "ஷட்டரைத் தூக்கிட்டானுங்கடா! வாங்க, வந்து அள்ளிட்டுப் போங்க!" என்று கிளம்புகிற முதல் குரல் அவருடையது. வடக்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரும்பைத் தட்டித் தட்டிக் காது மந்தமானவர்களுக்கு ஒரு குரல் வரும் இல்லையா, அந்தக் குரல். வெளியே டீக்கடையில் நிற்பவன் அதைக் கேட்டே ஸ்கோரைத் தெரிந்துகொள்வான்.

கோல் போடுகிறவனை அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. "போடுறது அதிர்ஷ்டம். வாங்காம இருக்கிறதுதான் ஆட்டம்" என்பார். பின்னால் நிற்கிற நாலு பேரையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற கோச்சையும் திட்டுவதற்கென்றே வாரம் முழுக்கத் தொண்டையைச் சேமித்து வைக்கிறார் என்று அக்கா சொல்வாள். வந்த கோச் ஒருவரையும் அவர் விட்டதில்லை. ஒருவர் கோழை. இன்னொருவர் "தொப்பியை எடுத்தா உள்ள ஒண்ணுமே இருக்காது." டிஃபென்ஸுக்கு அவரிடம் ஒரே மருந்துதான். பந்து நம்ம பக்கம் வந்தால் யோசிக்கக் கூடாது, ஓங்கி ஒரு உதை. அது எங்கே போய் விழுகிறது என்பது பந்தின் பாடு.

"அடிச்சு விடு!"

கடைசியில் ஊரானைத் திட்டிப் பழகின வாய்க்கு வீட்டிலேயே தீனி கிடைத்தது. அக்காவின் மகன் நெட்டையன் ஊர் டீமில் ஸ்டாப்பராகச் சேர்ந்தான். கோல்கீப்பருக்கு முன்னால் நட்டநடுவில் நின்று தடுக்கிற ஆள். அடுத்த வருஷமே கோச்சாக வந்தது யார் என்றால், எங்கள் தம்பி. வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு மூட்டை பந்துமாக வந்து இறங்கினான். அக்கா மாடி அறையைத் துடைத்துக் கட்டில் போட்டாள்.

அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது.

"வாங்க கோச்சு சார். டிஃபென்ஸை என்ன பண்றதா உத்தேசம்?"

"பின்னாலிருந்தே பாஸ் பண்ணி ஆடப் போறோம், அத்தான்."

"நம்ம கோல் வாசல்ல நின்னுக்கிட்டு பாஸா? கடை பூட்டுற நேரத்துல கல்லாப் பெட்டியை வாசல்ல வெச்சு எண்ணுற மாதிரி."

"கண்ணை மூடிக்கிட்டு அடிச்சா பந்து அவங்ககிட்டதானே போகுது? நாமளே தூக்கிக் குடுத்துட்டு அப்புறம் எதுக்கு பின்னாடி ஓடணும்?"

"கேட்டியா? உன் தம்பி பள்ளிக்கூடப் பாடம் நடத்துறான்" என்றார் அக்காவிடம். அக்கா குழம்பை ஊற்றினாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

தம்பி பையன்களுக்கு இரண்டு வார்த்தைதான் வைத்திருந்தான். பந்தை எடுக்கப் போகிறவன் "என்னுது" என்று கத்த வேண்டும். கோல்கீப்பர் முன்னால் வந்து எடுப்பதாக இருந்தால் "விடு" என்பான். "விடு காதுல விழுந்தா ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. காலை எடுத்துடணும்." இதைத் தினமும் பழக்கினான். எவ்வளவு பழகியது என்றால், ஒருநாள் நெட்டையன் தட்டைக் கழுவ எடுத்தபோது அக்கா, "விடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவன் சட்டென்று இரண்டு கையையும் விலக்கிவிட்டான். தட்டு தரையில் விழுந்து உருண்டு மேஜையடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் சிரித்து ஓயவில்லை.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "தட்டையே பிடிக்கத் தெரியாதவனை ஸ்டாப்பரா நிக்க வெச்சிருக்கான்."

தம்பி ஒரு தடவை வாய் விட்டே கேட்டான். "அத்தான், ஒரு உதவி. கோலுக்குப் பின்னாடி நிக்காதீங்க. மேல கேலரியில வந்து உக்காருங்க. உங்க குரல் பசங்களுக்குள்ள வந்து விழுது."

"நான் டிக்கெட் எடுத்து வரேன். எங்க நிக்கணும்னு நீ சொல்றியா? பசங்களுக்குத்தான் நீ கோச்சு. எனக்கு இல்ல."

அந்த சீசன் நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. புதுப் பாடம் ஏறுவதற்குள் சில ஆட்டம் கையை விட்டுப் போனது. கடைசி ஆட்டம், சொந்த மைதானம். சமன் செய்தால் இதே பிரிவில் இருக்கலாம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் கோச் இருக்க மாட்டான் என்று நிர்வாகத்தில் முன்கூட்டியே பேச்சு இருந்தது.

அக்காவும் நானும் பக்கவாட்டுக் கேலரியில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் பாதியில் வடக்குக் கோல் எங்கள் டீமுடையது. அத்தான் அவருடைய இடத்தில், வேலிக்கம்பிக்குள் விரலை மாட்டிக்கொண்டு. ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிராளி நீளமாக ஒரு பந்து தூக்கிப் போட்டான். உயரமாக வந்து ஒரு தரம் தரையில் பட்டு எம்பியது. நெட்டையன் சரியான இடத்தில் நின்றான். கீப்பர் கோல் கோட்டை விட்டு நகரவில்லை, நகர அவசியமும் இல்லை. நெட்டையன் காலைத் தூக்கிவிட்டான்.

அப்போது பின்னாலிருந்து கிளம்பியது அத்தான் குரல். யாரோ ஒருவன் அதே நொடியில் ஹாரனை ஊதினான். முதல் வார்த்தை ஹாரனுக்குள் போய்விட்டது. இரண்டாவது வார்த்தை மட்டும் மைதானத்தின் குறுக்கே எங்கள்வரை துல்லியமாக வந்தது.

"...விடு!"

நெட்டையன் காலை எடுத்தான். தலையையும் குனிந்துகொண்டான், சொல்லிக் கொடுத்த மாதிரியே. பந்து அவனைத் தாண்டியது. எதிராளி ஒருவன் பின்னாலிருந்து ஓடி வந்து, கீப்பர் முன்னால் வருவதற்குள் உள்ளே தட்டிவிட்டான்.

நெட்டையன் திரும்பிப் பார்த்தான். கீப்பரைப் பார்க்கவில்லை. கீப்பருக்குப் பின்னால், வேலியைப் பார்த்தான். ஷட்டரைத் தூக்கிட்டானுங்கடா என்ற சத்தம் அன்றைக்கு மட்டும் வரவில்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

முப்பது வருஷமாக ஒரே வீட்டில் கேட்கிற குரலை ஒருத்திக்கு யார் எடுத்துச் சொல்ல வேண்டும்?

மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. கீப்பர் தான் வாயே திறக்கவில்லை என்று எல்லாரிடமும் சத்தியம் செய்தான். நெட்டையன், "தப்பா கணிச்சிட்டேன்" என்பதற்கு மேல் யாரிடமும் பேசவில்லை. தம்பி மாடியை விட்டு இறங்கவில்லை. டீக்கடையில், "கோச்சு சொல்லிக் குடுத்த லட்சணம் பாரு, பந்து வந்தா கும்பிடு போட்டு வழி விடுறான்" என்று சிரித்தார்கள்.

வீட்டில் அத்தான், "நான் அடிச்சு விடுன்னுதான் சொன்னேன்" என்றார், யாரும் கேட்காமலே.

"நீங்க சொன்னது ரெண்டு வார்த்தை. அவன் காதுல விழுந்தது ஒண்ணு" என்றாள் அக்கா.

"அதுக்கு நான் என்ன பண்ண? ஹாரன் ஊதினவனைப் போய்க் கேளு."

"இன்னைக்கு சாயங்காலம் நிர்வாகம் கூடுது. நீங்க போய், அது என் குரல், பையன் ஏமாந்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களை டீமை விட்டு யாரும் தூக்க முடியாது. தம்பியைத் தூக்கிடுவாங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல வேற ஆள் வந்தாச்சு. அவன் எங்க போவான்?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல!"

கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் டீம் செயலாளரிடமிருந்து ஆள் வந்தது. கேலரிக்கு அடியில் இருக்கிற ஆபீஸ் ஷட்டர் இடுப்பு உயரத்தில் சிக்கிக்கொண்டதாம், உடனே வர வேண்டுமாம். அக்கா முகம் தெளிந்தது. "பாருங்க, அவங்களே கூப்பிட்டு விட்டாங்க." கருவிப் பையை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். வாசல் வரை வந்தாள்.

அங்கே நடந்ததைச் செயலாளர் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நிர்வாகிகள் எல்லாரும் குனிந்து, ஒருவர் மண்டையை இடித்துக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தான் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்கும். தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தாகிவிட்டது. அவன், "பொறுப்பு என்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பையன் பெயரையும் எடுக்கவில்லை, வேறு யார் பெயரையும் எடுக்கவில்லை. நிர்வாகிகளில் பாதிப் பேருக்கு அவனை அனுப்ப மனமில்லை.

செயலாளர்தான் எட்டிக் கேட்டிருக்கிறார். "ஷட்டர், நீங்கதானே கோலுக்குப் பின்னாடி நின்னீங்க? கீப்பர் கத்தலைங்கிறான். வேற யாராவது கத்தினாங்களா?"

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டூல் மேல் நின்றவருடைய கால்கள்தான் அவர்களுக்குத் தெரிந்தன. முகம் ஷட்டருக்கு அந்தப் பக்கம்.

"விடுன்னு கேட்டா விட்டுடணும்னு சொல்லிக் குடுத்தது கோச்சு" என்றது குரல். "பையன் சொன்னதைச் செஞ்சான். டிஃபென்ஸுக்கு இப்படியா பாடம் நடத்துவாங்க?"

ஒரு வார்த்தை பொய் கிடையாது. செயலாளர், "அதுவும் சரிதான்" என்றார். பிறகு தம்பிக்காக யாரும் வாதாடவில்லை. அத்தான் ஸ்பிரிங்கை முறுக்கி, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, ஒரு தரம் முழுக்க இறக்கி ஏற்றிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி இறங்கியதாம்.

தம்பி அந்த வாரமே கிளம்பினான். தூரத்து ஊர் ஒன்றில் நண்பனுடைய சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. பந்து மூட்டையை மாடியிலேயே விட்டுவிட்டான். வாசலில் நின்று, "வரேன், அத்தான்" என்றான். குரலில் ஒரு பிசிறு கூட இல்லை. நெட்டையன் ஆட்டம் முடிந்ததுமே உடை மாற்றும் அறையில் அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அத்தானுக்கு அந்த "வரேன்" தாங்கவில்லை போல. எழுந்து போய்த் தோளில் தட்டினார். "விடு மச்சான். இந்த ஊர் இல்லைன்னா..."

"அந்த வார்த்தையை இனிமே இந்த வீட்டுல சொல்லாதீங்க" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. வாசல்படியில் செருப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டேதான் சொன்னாள்.

மாமனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றப் போன நெட்டையன் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. பார்சல் வண்டி ஓட்டுகிறான். "ஏன்டா, இந்த வயசுல ஆட்டத்தை விட்டுட்டு" என்று அத்தான் ஒருநாள் ஆரம்பித்தார். "உங்க குரலை முதுகுல வெச்சுக்கிட்டு என்னால ஆட முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

இப்போது டீம் கீழ்ப் பிரிவில் இருக்கிறது. புதுக் கோச், அத்தான் கேட்டு வாங்கின வரம் மாதிரி. பந்து வந்தால் அடிக்கிறார்கள். நேராக, கோணலாக, வானத்துக்கு. போன பந்து போன வேகத்தில் திரும்பி வருகிறது. போன வாரம் நாலு கோல். அத்தான் தவறாமல் போகிறார். வேலி ஓரம் நிற்பதில்லை. தம்பி வந்து உட்காரச் சொன்னானே, அந்த மேல் கேலரியில், ஓரமாக.

"என்ன ஷட்டர், சத்தமே காணோம்?" என்று யாராவது கேட்டால், "தொண்டை கட்டியிருக்கு" என்கிறார். சீசன் முழுக்கக் கட்டியிருக்கிறது.

அக்கா சண்டை போடுவதில்லை. சமைத்து மூடி வைக்கிறாள், துவைத்து மடித்து வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி போன் செய்வான். நேற்று நானும் அங்கே இருந்தேன். அத்தான் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, எதிர் நாற்காலியில் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கிடங்கு, சாப்பாடு, முதுகுவலி எல்லாம் பேசி முடித்தார்கள். போனிலிருந்து தம்பி குரல் எங்களுக்கும் நன்றாகக் கேட்டது.

"டீம் என்னக்கா ஆச்சு? அத்தான் இருக்காரா? குடேன், கேக்கறேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். போனுக்காகக் கை லேசாக நீண்டது.

"இல்லடா. வேலைக்குப் போயிருக்கார்" என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மைதானக் குரலுக்குப் போன்கூட வேண்டியதில்லை.