தேசிங்கு நம்பிய ஒரே சுளுக்கு

தேசிங்கு இறந்துவிட்டான் என்று வந்த செய்தியை நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. கொரோனா காலத்தில் ஒருமுறை அவனை வாட்ஸ்அப்பில் கொன்று, மாலை போட்ட படத்தை ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தை அவனே எனக்கு அனுப்பி, "மூஞ்சி நல்லா கீதா பாய்?" என்று கேட்டான். அதனால் போன வாரம் கடையைத் திறக்கும்போது அதே மாதிரி இன்னொரு படம் வந்ததும், அனுப்பியவனைக் கூப்பிட்டு, "யார் பாத்தது?" என்று கேட்டேன். அது என் கேள்வி இல்லை, தேசிங்கின் கேள்வி. யார் எதைச் சொன்னாலும் அவன் முதலில் கேட்பது அதைத்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். கடல் அமைதியாக இருந்தது. ஆனால் ஒரு ஃபைபர் போட்கூடத் தண்ணீரில் இல்லை, எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. குப்பத்தில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். போட்டில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பது வயது நிறையவில்லை.

அவனோடு ஆடியவர்களும் அவனிடம் காலில் உதை வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னையில் சம்பளத்துக்கு ஆடும் கால்பந்து கிளப் ஒன்றில் தேசிங்கு ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், பிறகு கேப்டன். நான் அதே கிளப்பின் கோல்கீப்பர். அவன் குப்பத்துக்காரன், நான் பழவேற்காடு டவுன். வெளியூர் ஆட்டம் என்றால் இருவருக்கும் ஒரே அறை. முட்டி தேய்ந்து நான் அவனுக்கு முன்னதாகவே விலகி, பஜாரில் செல்போன் கடை வைத்துவிட்டேன்.

சந்தேகம் அவனோடு கூடப் பிறந்தது. டாஸ் போட வந்த ரெஃப்ரியிடம், "காசைத் திருப்பிக் காட்டுங்க சார்" என்று கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே மஞ்சள் அட்டை வாங்கியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஓட்டலில் மீன் குழம்பு வைத்தால், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இது எப்போ செத்துச்சி?" என்பான். பாதி நாள் அவன் சந்தேகம் தப்பாகத்தான் போகும். ஒருமுறை அவனுடைய சாக்ஸை நான் எடுத்துவிட்டேன் என்று முகம் கொடுத்துப் பேசவில்லை. சாக்ஸ் அவன் பையிலேயே கிடைத்தது. "எடுத்தவனே திரும்பி வெச்சிட்டான்" என்றான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மைதானத்தில் மட்டும் அது அநேகமாகத் தப்பாது. புதிதாக வரும் தடுப்பாட்டக்காரர்களிடம் சொல்வான்: "காலைப் பாக்காத. கால் பொய் சொல்லும். கண்ணும் பொய் சொல்லும். இடுப்பைப் பாரு, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." மேனேஜர் பேசும்போது நாங்கள் அவர் இடுப்பைப் பார்த்துச் சிரிப்போம்.

நோய் வந்தது, லீக் பாதியில் நின்றது. கடல் தொழிலும் நின்றது. தொழிலைத் திரும்பத் திறப்பதா வேண்டாமா என்று குப்பத்தில் ஊர்க் கூட்டம் போட்டு வாய் வலிக்கப் பேசினார்கள். திறக்கலாம் என்று பேசியவர்கள்தான் முதல் போட்டில் ஏற வேண்டும் என்று முடிவாயிற்று. தேசிங்கு அதை என்னிடம் மெச்சிச் சொன்னான். "வாய் எங்க கீதோ உடம்பும் அங்க இருக்கணும் பாய்."

கொஞ்ச நாளில் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. மிச்ச ஆட்டங்களை நடத்தப்போகிறார்கள், எல்லா அணியும் ஒரே ஓட்டலில், ஒரே மைதானத்தில், ஆள் இல்லாத கேலரிக்கு முன்னால். ஆட்டக்காரர்கள் சம்மதமா என்று வீடியோவில் கூட்டம். குப்பத்தில் சிக்னல் நிற்காது என்பதால் அவன் என் கடைக்கு வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். எங்கள் மேனேஜர் தேன் தடவிப் பேசுகிறவர். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று அவர் சொன்னால் யாருக்கோ சம்பளம் குறையப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கும் குடும்பத்தில்தான் ஆரம்பித்தார்.

தேசிங்கு கேட்டான்: "சார், ஒரு டவுட்டு. எங்கள்ள ஒருத்தனுக்கு வந்தா ஆட்டம் நிக்குமா?"

"அவரைத் தனியா வெச்சுப் பாத்துக்குவோம். மத்தவங்க ஆடலாம்."

"நாலஞ்சு பேருக்கு வந்தா?"

"ஒரு டீம்ல பதிமூணு பேர் நல்லா இருந்தாப் போதும் தேசிங்கு. டாக்டருங்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ணியிருக்கு."

"ஒருத்தன் செத்துட்டா?"

படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மேனேஜர், "ஏம்ப்பா அபசகுனமா பேசறே" என்றார்.

"இல்ல சார், எங்க குப்பத்துல ஒரு சாவுன்னா ஒரு போட்டும் எறங்காது. அதான் கேட்டேன். நீங்க மிச்சம் இருக்கறவனைத்தான் எண்ணுவீங்க, போனவனை எண்ண மாட்டீங்க. புரிஞ்சிச்சி சார்."

அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். வராதீர்கள் என்று மற்றவர்களைத் தடுக்கவில்லை. அந்தத் திரையில் ஒரு மூலையில் ஜீவா இருந்தான். ஜீவா என்பது அவன் பெயர் இல்லை, தேடாதீர்கள். ஏரிக்கரைப் பையன். அவன் நைனா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். முதல் ஒப்பந்தம் கிடைத்து ஒரு சீசன்கூட முழுதாக ஆடவில்லை. கூட்டம் முடிந்ததும் தேசிங்குக்குப் போன் பண்ணி, "நான் போறேண்ணே, கோச்சிக்காதீங்க" என்றான்.

"உன் வயசுல நானும் போயிருப்பேன். போ. சந்தேகத்தையும் பையில எடுத்துக்கினு போ" என்றான் தேசிங்கு.

தேசிங்குக்கு மட்டும் விலகுவது விளையாட்டாகவா இருந்தது? அந்தச் சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. முப்பத்து நாலு வயது ஸ்டாப்பரை வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்? மறுநாள் அவன் மனைவி மல்லிகா கடைக்கு வந்தாள். "நீங்க சொன்னா கேப்பாரு பாய்ண்ணா. சந்தேகத்த வெச்சி கொழம்பு வெக்க முடியுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நானும் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. கிளப் ஒரு பூங்கொத்துப் படம் போட்டு நன்றி சொல்லி அவனை அனுப்பிவிட்டது. கேப்டன் பட்டை வேறு ஒருவன் கைக்குப் போயிற்று, தேசிங்கு தன் அண்ணனுடைய போட்டில் ஏறினான்.

ஆட்டங்களை என் கடையில்தான் பார்த்தோம். கேலரியில் ஈ காக்கை இல்லை. ஆனால் டிவியில் கூட்டம் ஹோவென்று கத்தியது. "யாரு பாய் கத்தறது?" என்றான். ஒலிப்பதிவு என்று சொன்னேன். "சத்தத்தையே பொய்யா வெச்சவன் வேற இன்னா இன்னா வெச்சானோ" என்றான்.

நடுவில் ஓர் ஆட்டத்தில் எங்கள் பழைய அணியில் மூன்று பேர் இல்லை. ஜீவாவும் இல்லை. மூவருக்கும் கணுக்கால் சுளுக்கு என்று கிளப் அறிவித்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கணுக்கால் சுளுக்கு எப்போ ஒட்டுவாரொட்டி ஆச்சு தேசிங்கு?" என்றேன். அவனும் சேர்ந்து சிரிப்பான், ஆரம்பித்தால் இரவெல்லாம் விடமாட்டான் என்று எதிர்பார்த்தேன்.

"சுளுக்குன்னா சுளுக்குதான் பாய். வுடு" என்றான்.

சீசன் முடிந்தது. யாரும் சாகவில்லை. நோய் வந்ததாகக்கூட ஒரு செய்தி இல்லை. டீக்கடையில் அவனை வைத்து விளையாடினார்கள். "இன்னா தேசிங்கு, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவலியே! பயந்து பொழப்ப வுட்டுட்டியே!" என்பார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். வாய் கொடுக்கவே மாட்டான். ஆட்டத்தோடு சந்தேகத்தையும் தொலைத்துவிட்டான் என்று நினைத்து வருத்தப்பட்டேன். மல்லிகாகூட ஒருநாள், "அவங்கள்லாம் ஆடிட்டு நல்லாத்தான வந்தாங்க?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டாள். அவன் கிழிந்த வலையை இழுத்துப் போட்டுத் தைக்க உட்கார்ந்தான்.

போன வாரம் சாவுக்குக் குப்பத்துக்கு ஜீவா வந்திருந்தான். இப்போது பெரிய ஆட்டக்காரன். கார் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். அழுகிறவனைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கண் சந்தேகமாகத்தான் பார்க்கும். பேச்சுக்கு, "கணுக்கால் இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் கணுக்காலுண்ணே?" என்றான். சொன்ன பிறகுதான் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறகு எல்லாம் சொன்னான். காய்ச்சல், சோற்றில் வாசனை தெரியாமல் போனது, தனி அறையில் போட்டது, வெளியே சுளுக்கு என்றுதான் சொல்ல வேண்டும், மீறினால் அடுத்த ஒப்பந்தம் இல்லை என்று ஒருவர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனது. பயந்துபோய் அவன் கூப்பிட்ட ஒரே ஆள் தேசிங்கு.

"வெளிய சொல்லிடாதீங்கண்ணேன்னு அழுதேன். 'உனக்குச் சுளுக்குடா. எவன் கேட்டாலும் நான் அதான் சொல்வேன்'னாரு. தினம் போன் பண்ணுவாரு. நல்லா கீறேன்னு சொன்னா நம்ப மாட்டாரு. ஒண்ணுலேர்ந்து மூச்சு வுடாம எண்ணச் சொல்லுவாரு. எண்ணிக் காட்டினாத்தான் போனை வைப்பாரு."

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, அந்த கிளப்ப வுட்டு வந்தாச்சு. பேர் மட்டும் வேணாம்" என்றான். ஆடாமல் இருந்திருந்தால் அவன் இன்று ஏரியில் நின்றிருப்பான் என்பதையும் அவனே சொன்னான். போனது தப்பு என்று அவன் நினைக்கவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

டீக்கடையில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேசிங்கு ஜெயித்திருப்பான். தன் வீட்டில், மல்லிகாவிடமாவது சொல்லியிருக்கலாம். எங்கே சொன்னாலும் ஊருக்குப் போய்விடும், ஊருக்குப் போனால் கிளப்புக்குப் போய்விடும், ஒரு பையனின் சோறு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டான். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவிடவில்லை. அன்று மாலை மல்லிகாவிடம் ஜீவாவே போய்ச் சொன்னான். அவள் "படுபாவி, எங்கிட்டகூடவா" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

அவனிடமிருந்து சந்தேகத்தை நான் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, என்னிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது. நான் வைத்துக்கொள்வது வேறு. எதையும் நம்பாத ஒருவன் ஒரு பொய்யை மட்டும் நம்புகிறேன் என்று சொன்னால், அவன் யாரையோ பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். அங்கே அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் நகர்ந்துவிட வேண்டும்.