மாமனார் மறைத்த பெயர்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் எங்கள் மகள் பிறந்தபோது, வெள்ளைக்கார மாமனார் தொட்டிலை எட்டிப் பார்க்குமுன் என்னிடம் சொன்னார்: “உன் பெயரை இவளுக்குப் போட்டால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். என் குடும்பப் பெயரைப் போடு. கலப்பில்லாத ஆங்கிலப் பெயர்.”

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயர்தான் பிள்ளையோடு சேர்ந்து வரும். அதை எடுத்துவிட்டால் அவளுக்கு நான் யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவிக்கு அதைவிடக் கோபம். அப்படி என்ன பெரிய பரம்பரை என்று தேடத் தொடங்கினாள். நகரசபையின் பழைய பதிவேட்டில் அவளுடைய அப்பாவழித் தாத்தாவின் வீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பகுதியின் ஆங்கிலத் தேவாலயங்கள் ஒன்றிலும் மாமனாரின் ஞானஸ்நானப் பதிவு இல்லை. மிஞ்சியது தெருமுனையில் இருந்த ஜெர்மன் தேவாலயம்.

அங்கே குடும்பப் பெயர்ப் பத்தியைப் பார்த்துப் பார்த்து அவள் களைத்துவிட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். ஊர்ப் பழக்கம், என் விரல் நேரே தகப்பனின் சொந்தப் பெயருக்குப் போனது. “அது பிழையான பத்தி” என்றாள். அந்தப் பிழையான பத்தியில்தான் மாமனார் அகப்பட்டார். தாய், தகப்பன் பெயர்கள் அவைதான். வீட்டு எண்ணும் பிறந்த நாளும் அவைதான். குடும்பப் பெயர் மட்டும் வேறு. என் பெயரைப் போலவே நீளமான ஜெர்மன் பெயர்.

நகரசபைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தோம். முதல் உலகப் போருக்கு முன் அந்த வீட்டில் ஜெர்மன் பெயர். போரின் நடுவில் அதே வீட்டில் ஆங்கிலப் பெயர்.

ஞானஸ்நானப் பதிவின் பிரதியை மாமனாரின் மேசையில் போட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“அப்போது எனக்கு ஏழு வயது. ஜெர்மன்காரன் என்று பள்ளிக்கூடத்தில் கல்லால் எறிந்தார்கள். அப்பா பெயரை மாற்றினார். வேண்டாம் என்று நான் அழுதேன்.”

இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

“அழுத நீங்களே என்ர பிள்ளைக்கும் அதைச் செய்யச் சொல்லுறீங்களோ?”

அவருக்கு விளங்கவில்லை. இங்கிலீஷில் திரும்பச் சொன்னேன்.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி மகளுக்குப் பதிந்தேன். எழுதியவர் இரண்டு தரம் பிழைவிட்டார். இரண்டு தரமும் அடித்துத் திரும்ப எழுத வைத்தேன்.