காக்கைக்கு வைத்த விமானப் பாகம்

அண்ணா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திட்டுவாய். அதனால் அண்ணா என்றே எழுதுகிறேன்.

மஞ்சள் காமாலையில் நீ போன பதினாறாம் நாள், உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்தோம். பிரியாணி, பன்னீர் சோடா, உன் ஐடி கார்டு கூட. மொட்டை மாடியில் சோறு வைத்து அம்மா கா கா என்று கூப்பிட்டாள். குன்றத்தூரில் காக்கைக்கா பஞ்சம்? எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்தன. ஒன்றும் கிட்டே வரவில்லை.

"அந்த பிளேன் சாமானை வைக்கல இல்ல, அதான் வரமாட்றான்," என்றாள் அம்மா.

ஒரகடம் கம்பெனியில் நீ மெஷினில் வெட்டி எடுத்த பிராக்கெட்டைச் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்கள் புதிதாகச் செய்து பார்த்த போர் விமானத்துக்கானது. இரண்டு ஓட்டை போட்ட உலோகத் துண்டு, உள்ளங்கை அளவுதான். அனுப்புவதற்குள் அந்த நாட்டில் போர் வந்து வேலை நின்றுவிட்டது. யாரும் தொடக் கூடாது என்று சிவப்பு அட்டை கட்டி ரேக்கில் போட்டுவிட்டார்கள் என்று சாகிற வரைக்கும் புலம்பினாய்.

உன் லைனில் வேலை செய்யும் உன் கூட்டாளியின் பைக்கில் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் கேட்டுக்கே வந்தார்.

"அரை மணி நேரம் குடுங்க சார். காக்கா சாப்ட்டதும் திருப்பிக் கொண்டாந்துடுறோம்."

"அது ராணுவ ரகசியம்மா. கஸ்டமர் லெட்டர் வேணும்."

"கேட்டு வாங்குங்க சார்."

"போன் எடுக்க ஆள் இல்லம்மா. அங்க சண்டை."

"சண்டை போடத்தானே சார் அந்த பிளேனு?"

கொஞ்சம் யோசித்தார். "ஆமா. சண்டை வந்துட்டதால நிறுத்திட்டாங்க."

உன் கூட்டாளிக்குத் தாங்கவில்லை. "இன்னா சார், காக்கா போய் எதிரிகிட்ட சொல்லிடுமா?"

"அவன் எனக்கும் தம்பி மாதிரிதான்டா. ரூல்ஸ் அப்டி." சொல்லிவிட்டு, ஷூவைக் கழற்றி, ரேக் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் கூட்டாளி மீந்த வடை மாவை எடுத்து, உன் பிராக்கெட் மாதிரியே தட்டினான். ஊதுவத்திக் குச்சியால் இரண்டு ஓட்டை போட்டான். பொரித்ததை, கம்பெனியில் பாகங்களை அளக்கிற வெர்னியர் வைத்து அளந்தான்.

"உப்பிக்கிச்சிம்மா. உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டான்."

மூன்றை ரிஜெக்ட் செய்தான். நாலாவதை மாடியில் வைத்ததும் ஒரு காக்கை இறங்கியது. பிரியாணியைத் தொடவில்லை. அந்த வடையை மட்டும் கவ்விக்கொண்டு பறந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

அது வெறும் பசித்த காக்கையாகவும் இருக்கலாம். எட்டாவதோடு நின்ற எனக்கு என்ன தெரியும்? இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் அண்ணன் குறை தீர்ந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.