பெரியம்மாவுக்கு வாள் முளைத்தது

அந்தத் தொட்டியில் பதினோரு பெட்டை மீன்கள் இருந்தன. அவற்றில் பருத்ததைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். ஒரு திங்கட்கிழமை காலை தீனி போடும்போது, பெரியம்மாவின் வாலின் கீழ்முனை தீக்குச்சி மருந்து அளவுக்குக் கூர்மையாக நீண்டிருந்ததைப் பார்த்தேன். வாள்வால் மீனில் ஆணுக்குத்தான் அந்த வாள் வரும். டப்பாவை மூடிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனேன்.

அட்டுவம்பட்டியைத் தாண்டி மேலே ஏறினால் அக்காவின் ஊர். கூடப்பிறந்த அக்கா இல்லை, எனக்கு வேலை கொடுத்தவர். வீட்டுக்காரர் இறந்தபின் நிலம் கொழுந்தனார் கைக்குப் போனது. அக்காவின் வசம் மிஞ்சியது பூண்டுக் கொட்டகை மட்டும். மேலே பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே புகை போடுகிற கொட்டகை. அந்த ஊரில் வெதுவெதுப்பான இடம் அது ஒன்றுதான். அக்கா அதில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கினார். கொழுந்தனார் தன் பூண்டை வீட்டுப் பரணில் திணித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கன்னிவாடியில் தக்காளிப் பெட்டி தூக்கி, சென்னைப் பக்கம் ஒரு மீன் பண்ணையில் இரண்டு வருடம் தொட்டி கழுவி, அதுவும் சலித்துப்போய் பெருமாள்மலை டீக்கடையில் நின்றபோது அக்கா பிடித்துக்கொண்டார். எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்காத நான் அங்கே மூன்றாவது வருடத்தில் இருந்தேன்.

அக்கா கேட்டது ஒரே வகை மீன். உடம்பு சுத்தச் சிவப்பு, துடுப்பும் வாலும் கரி மாதிரி கறுப்பு. சிவப்பு ஆணையும், கறுப்புத் துடுப்புள்ள பச்சைப் பெட்டையையும் சேர்த்தோம். முதல் தலைமுறை அழகாகத்தான் வந்தது. அவற்றின் குட்டிகளில் பச்சை திரும்ப வந்தது. அதில் சிவப்பை மட்டும் பொறுக்கி, கன்னி கழியாத பெட்டைகளைத் தனியே வளர்த்து, இனி பச்சை தராது என்று சோதித்துப் பார்த்த ஓர் ஆணோடு சேர்க்க வேண்டும். ஒருமுறை கூடிய பெட்டை, ஆண் பக்கத்தில் இல்லாமலே மாதக்கணக்கில் குட்டி போடும். அதனால் பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரித்தது நான். பண்ணையில் மூன்றாம் மாதம் பிரிப்போம், இங்கும் மூன்றாம் மாதம் பிரித்தேன். மலைத் தண்ணீரில் சில ஆண்கள் எட்டு, ஒன்பது மாதம் வரை பெட்டை போலவே வயிறு பெருத்துத் திரியும் என்பது எனக்குத் தெரியாது. சோதித்த ஆணை விடும் முன்பே பெரியம்மா அத்தனை பேருக்கும் புருஷனாகியிருந்தது.

வியாழக்கிழமை கொழுந்தனார் வந்தார். "ஏலே, என்ன, மீனுக்குச் சாயம் ஏறிருச்சா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அக்காவிடம், "மதினி, அறுப்பு வந்திருச்சு. பரணுல இனி எடமில்ல. வெரசா ஒரு முடிவு சொல்லுங்க" என்றார்.

"இந்த ஈத்துல ஒரு குட்டி பச்சையாப் பொறந்தாலும் கொட்டகைய நீங்களே எடுத்துக்கங்க. எல்லாம் செவப்பா வந்தா இந்தப் பக்கமே வரக்கூடாது. சரிதானா?"

"தெருவுக்கே சொல்லிருவேன் மதினி. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"போய்ச் சொல்லுங்க."

நான் வலையோடு ஓர் அடி தள்ளி நின்றிருந்தேன். 'பொறுங்கக்கா' என்ற ஒரு சொல் போதும். பெரியம்மாவைக் காட்டியிருந்தால் அக்கா சவால் விட்டிருக்க மாட்டார், இன்னொரு வருடமாவது இழுத்திருப்பார். ஆனால் பிரித்ததில் என் தப்பு வெளியே வந்துவிடும்; பெட்டி படுக்கையோடு மறுபடி பெருமாள்மலையில் நிற்க எனக்கு மனமில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன்.

சவால் விட்ட பதினான்காம் நாள் குட்டிகள் வந்தன. ஆரஞ்சுப் பொட்டுகளுக்கு நடுவே சாம்பல் பச்சையாக ஏழெட்டு. கொழுந்தனார் எண்ணக்கூட இல்லை. வெளியே போய்ப் பூண்டுக் கட்டுகளை இறக்கச் சொன்னார்.

இப்போது திண்டுக்கல்லில் லாரி கழுவுகிறேன். மீன் வேலையை ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால், மலைக் குளிர் ஏமாற்றிவிட்டது என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். சொல்லி முடித்ததும் எனக்கு எரிச்சல்தான் வரும். அக்காவிடமும் அன்று அதைத்தான் சொன்னேன்.

அக்கா பெரியம்மாவை வலையில் எடுத்து வாளைப் பார்த்தார். அது விரல்நக நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

"இத எப்பப் பாத்தே?"

"திங்கக்கெழமை. அவரு வர்றதுக்கு முன்னாடி."

"தப்பாப் பிரிச்சது குளிருனால, சரி. நான் வாயக் குடுக்கும்போது பக்கத்துலயே நின்னியே, அதுக்கும் குளிரா?"

வெளியிலிருந்து கொழுந்தனார் ஏணி கேட்டார். அக்கா மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஏணியை எடுத்துக் கொடுக்கப் போனார்.