ஊர் எது என்று கேட்டான்

அட்டனிலிருந்து வந்த ரயில் எங்களைக் கொழும்பில் இறக்கிவிட்டது. முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போக, சிலாபம் ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் கடலைப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன்.

வாசலிலேயே ஒரு பொலிஸ்காரன் மறித்தான். "ஊர் எது?" என்று சிங்களத்தில் கேட்டான். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் எங்களுக்கு ஊர் என்றால் இந்தியாதான். பிறந்து வளர்ந்த இடம் வெறும் தோட்டம். அக்கரப்பத்தனையில் பிறந்த மனுசன், பாட்டன் ஊரை நினைத்து, "திருச்சி" என்றார்.

அவ்வளவுதான். கள்ளத்தோணி என்று கத்தி, இரண்டு பேரையும் பொலிஸ் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். தோட்டத்து முத்திரை குத்திய லீவுக் கடுதாசியை நீட்டினேன். பெரிய அதிகாரி வந்துதான் பார்ப்பாராம். அவர் வந்து, பார்த்து, போகச் சொன்னபோது ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"தோட்டத்துப் பேரைச் சொல்ல வாய் வரலியா ஒங்களுக்கு?" என்று ரயில் ஏறும்வரை வீட்டுக்காரரைத் திட்டினேன். அவரைத் திட்டத்தானே என்னால் முடிந்தது?

எனக்கு இன்றும் ஆறவில்லை. கடல் தாண்டித் திருட்டுத்தனமாக வந்தவள் என்று என்னைப் பிடித்து வைத்தார்களே, நான் அதுவரை கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.